பத்ரொனாத்தோ சுவரில் பிஷாராவின் முகம்

மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஒரியெட்டா கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது கைப்பேசியில் மைசாவின் குரல்செய்தி வந்தது. மைசா நீட்டி முழக்கிப் பேசுகிறவள். பிள்ளைகளின் இருமல், தக்காளி விலை, மாமியாரின் முட்டிவலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அன்றைக்கு வந்தது பதினொரு விநாடிச் செய்தி.

"ஒரியெட்டா, அவர விடல. இன்னும் ஆறு மாசம் போட்டுட்டாங்க. தனியா இருக்கறப்பக் கூப்பிடு. பொண்ணு பக்கத்துல இருந்தாக் கூப்பிடாத."

மைசா 'அவர்' என்றது தன் கணவன் பிஷாராவை. ஒரியெட்டாவுக்கு அவன் தம்பி முறை. இருவருடைய தாத்தாக்களும் உடன்பிறந்தவர்கள். மூத்தவர் நூறு வருஷத்துக்கு முன்பு பாலஸ்தீனத்தில் பெத்லகேமை ஒட்டிய பெய்த் ஜாலாவை விட்டுக் கப்பலேறி, சிலே நாட்டில் ஊர் ஊராகத் துணிமூட்டை சுமந்து விற்று, கடைசியில் சாந்தியாகோவின் பத்ரொனாத்தோ கடைத்தெருவில் காலூன்றினார். இளையவர் மலைச்சரிவில் இருந்த ஒலிவ மரங்களை விட்டு நகரவில்லை. மூத்தவரின் வழியில் வந்தவள் ஒரியெட்டா. அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. கணவன் பிரிந்து போய்ப் பல காலம் ஆகிவிட்டது. துணிக்கடையும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மிரேயா என்ற மகளும்தான் அவளுக்கு எல்லாம். அரபு மொழியில் அவளுக்குச் சாப்பாட்டின் பெயர்களும் நான்கைந்து வசவுகளும் தெரியும். மைசா பெத்லகேமில் ஒரு விடுதியில் வேலை பார்த்தவள், யாத்திரை வருகிறவர்களோடு பேசிப் பேசி ஸ்பானிய மொழியை நன்றாகவே கற்றிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் இடையே பாலமாக இருந்தது அந்த மொழிதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரியெட்டா முதல் தடவையாகப் பெய்த் ஜாலாவுக்குப் போனாள். பிஷாரா கல் அறுக்கும் பட்டறை வைத்திருந்தான். காலையில் பட்டறைக்குப் போகிற மனுஷன், மாலையில் அவளை அழைத்துக்கொண்டு தாத்தாவின் படிக்கட்டு வயல்களுக்கு வந்துவிடுவான். மொழி தெரியாததால் இருவரும் சைகையிலும் சிரிப்பிலுமே பேசிக்கொண்டார்கள். ஒருநாள் மூன்றாவது படியில் கால் பிசகி விழுந்தவளை முதுகில் தூக்கிக்கொண்டு சாலைவரை ஏறினான். 'உங்க தாத்தா மூட்டை தூக்கினாரு, இப்ப மூட்டையே திரும்பி வந்திருக்கு' என்று அவன் சொன்னதை மைசா மொழிபெயர்த்தபோது ஒரியெட்டாவுக்கு வலியிலும் சிரிப்பு தாங்கவில்லை. சாலையில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு அவன் சிரித்து நின்றதை அவள்தான் படம் எடுத்தாள்.

போன அக்டோபர் கடைசியில், ஒலிவக்காய் பறிக்கிற சமயத்தில், பள்ளத்தாக்கில் புதிதாகப் போட்டிருந்த வேலியருகே வாக்குவாதம் வந்தது. படைவீரர்கள் பிஷாராவை ஏற்றிக்கொண்டு போனார்கள். குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. ஆறு மாதம் என்று ஒரு தாள் வந்தது, அவ்வளவுதான். ஆறு மாதம் முடிகிற நாளில் இன்னொரு தாள் வரலாம், வராமலும் போகலாம்.

சாந்தியாகோவில் செய்தி பரவியதும் எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது. கொதித்த ரத்தத்தை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது என்று தெரியாமல் இருந்தபோது மிரேயாதான் சுவர் யோசனையைச் சொன்னாள். ஒரியெட்டாவின் கடைக்குத் தெருமுனையைப் பார்த்தபடி ஒன்பது மீட்டர் அகலத்தில் மொட்டைச் சுவர் ஒன்று இருந்தது. ஒலிவ வயல், கல் படிகள், நடுவே பிஷாரா என்று முடிவாயிற்று. வரைவதற்கு, தெருவில் எல்லோரும் மரியாதையாகத் 'தோன்' சேர்த்து அழைக்கும் எலிசெயோ வந்தார்.

அறுபத்தாறு வயதான எலிசெயோவின் பெயர் அந்த நகரத்துச் சுவர்களுக்கெல்லாம் தெரியும். ராணுவ ஆட்சிக் காலத்தில், ஒருவன் காவல் நிற்க மூன்று பேர் வரைய, நாலே நிமிடத்தில் ஒரு சுவரை முடித்துவிட்டு ஓடிய கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருடைய தம்பியை அந்தக் காலத்தில்தான் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றுவரை உடல்கூடக் கிடைக்கவில்லை. பாலஸ்தீனர்களின் சுவர் என்றதும் கூலி வேண்டாம் என்றார். சாயமும் மதியச் சாப்பாடும் போதும் என்றார். ஒரியெட்டா எடுத்த படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அங்கே கோடைக்காலமான ஜனவரி வெயிலில் பன்னிரண்டு நாள் சாரத்தின் மேலேயே கிடந்தார்.

திறப்பு அன்று நானூறு பேர் வந்தார்கள். கைகோத்து ஆடினார்கள், திராட்சை இலையில் சுற்றிய சோறு அண்டா அண்டாவாகக் காலியாயிற்று. பாலஸ்தீனத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத பக்கத்துக் கடைக் கொரியர்களும் பெரு நாட்டுக்காரர்களும்கூட வந்து தட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். சுவரில் பிஷாரா சிரித்தான். ஒவ்வொரு பல்லும் ஒரு செங்கல் உயரம். கீழே முழுப்பெயர், ஊர்ப்பெயர். மிரேயா எடுத்த படம் அன்றே ஊருக்குப் போனது. மைசா அழுகிற முகங்களும் இதயங்களுமாக அனுப்பினாள். பிஷாராவின் தாயார் கைப்பேசித் திரையை முத்தமிட்டாராம். முன்கூட்டியே மைசாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரியெட்டாவுக்கும் தோன்றவில்லை.

இப்போது அவள் கடைக்குள்ளே போய், துணிச்சுருள்களுக்கு நடுவே நின்றுகொண்டு மைசாவைக் கூப்பிட்டாள். மைசா அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். விடுதலையாக வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு பிஷாராவை மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேஜையில் சாந்தியாகோ சுவரின் படத்தைப் போட்டார்களாம். இந்த ஆட்கள் யார், உனக்கு என்ன அனுப்புகிறார்கள், நீ அவர்களுக்கு என்ன அனுப்புகிறாய் என்று இரண்டு நாள் கேட்டார்களாம். வக்கீல் கோப்பில் அந்தப் படத்தைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அதற்கு இரண்டு நாள் கழித்து வீட்டுக்கும் வந்தார்கள். அலமாரிகளைக் கவிழ்த்துவிட்டு, அவர்களில் ஒருவன் தன் கைப்பேசியில் அதே படத்தை மைசாவிடம் காட்டி, உன் புருஷன் பெரிய ஆளாகிவிட்டான் போலிருக்கிறதே என்றானாம்.

"வக்கீல் என்ன சொல்றார்?" என்று ஒரியெட்டா கேட்டாள்.

"முகத்த எடுத்தா விட்டுடுவாங்கன்னு அவர் சொல்லல. அது இருக்கற வரைக்கும் அவங்க கையில ஒரு காகிதம் இருக்கும்னு சொல்றார். அடுத்த வியாழக்கிழமை மேல்முறையீடு. அதுக்குள்ள எடுத்துடுங்க."

எல்லோரிடமும் பேசுகிறேன், சுவருக்கென்று இங்கே ஒரு கமிட்டி இருக்கிறது என்று ஒரியெட்டா தொடங்கினாள்.

"கமிட்டியா?" என்றாள் மைசா. "அக்கா, உங்களுக்குப் படம் வேணும். எனக்கு ஆள் வேணும்."

புதன்கிழமை மாலை கமிட்டி கூடியது. தலைவர் ஸகாரியாஸ் நூல் மொத்த வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், யாரையும் புண்படுத்த விரும்பாதவர். அதனாலேயே எதையும் முடிவு செய்யாதவர். மேல்முறையீட்டுத் தேதியையும் வக்கீல் சொன்னதையும் ஒரியெட்டா எடுத்துச் சொன்னாள். ஒருவர், அவர்கள் எப்படியும் நீட்டித்திருப்பார்கள், சுவர் வெறும் சாக்கு என்றார். இன்னொருவர், இன்றைக்கு இந்த முகத்தை எடுத்தால் நாளைக்குக் கொடியை எடு என்பார்கள், அப்புறம் பெயரை எடு என்பார்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. வக்கீலிடமிருந்து எழுத்தில் ஒரு கடிதம் வரட்டும், பிறகு ஓட்டெடுப்பு வைக்கலாம் என்று ஸகாரியாஸ் முடித்தார். மிரேயா தாயின் பக்கமே திரும்பவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், பயப்படச் சொல்லித்தானே அவர்கள் அதைக் காட்டுகிறார்கள், நீயும் பயந்தால் எப்படி என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரியெட்டா எலிசெயோவைத் தேடி அவர் வீட்டுக்கே போனாள். அவர் அடுப்பில் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தார்.

"என் தம்பியக் கூட்டிட்டுப் போனப்ப எங்கம்மா அவன் போட்டோவ எல்லாம் பெட்டிக்கு அடியில வெச்சுப் பூட்டினாங்க. யாராவது பாத்தா அவனுக்கு ஆபத்துன்னு. ரெண்டு வருஷம் பூட்டி வெச்சோம். எங்களத் தவிர அவன் மூஞ்சி ஒருத்தனுக்கும் தெரியல. பாத்தீங்களான்னு கேக்கக்கூட முடியல. ஒரியெட்டா, நாங்க வாய மூடினதுலதான் அவன் போனான்."

"தோன் எலிசெயோ, பிஷாரா செத்தவன் இல்ல" என்றாள் ஒரியெட்டா.

"நான் எவனையும் செத்தவன்னு நெனச்சு வரைஞ்சதில்ல" என்றார் அவர். "மனசுல உயிரோடதான் வரைவேன். நீங்க அழிக்கச் சொல்றத என் கையால செய்ய மாட்டேன்."

சனிக்கிழமை முழுக்க மைசாவிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. ஒரியெட்டா அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் பார்த்துவிட்ட அடையாளம் மட்டும் விழுந்தது. அதுதான் அவளை அறுத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பத்ரொனாத்தோவில் நாய்கள்தான் நடமாடும். கடைகள் எல்லாம் பூட்டு. ஒரியெட்டா கிடங்கிலிருந்து ஏணியையும், அறைகளுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளைச் சாயத்தையும், நீளக் கம்பில் மாட்டிய உருளையையும் எடுத்துக்கொண்டு சுவரடிக்கு வந்தாள். முதலில் பெயர்தான் எட்டியது. பெயரைப் பூசினாள், ஊரைப் பூசினாள். முகத்துக்கு ஏணியில் ஏற வேண்டியிருந்தது. கிட்டத்தில் போனபோது அது முகமாகவே தெரியவில்லை. பழுப்பும் மஞ்சளும் நீலமுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. எது கண், எது கன்னம் என்று கையால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அதனால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள். இருக்கவில்லை. வெள்ளையைப் பூசப் பூச அடியிலிருந்து சிரிப்பு மேலே வந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை பூசிய பிறகுதான் அடங்கியது. இறங்கி நின்று பார்த்தாள். கல் படிகள் இருந்தன, மரங்கள் இருந்தன, ஒரு மனிதனின் சட்டையும் கைகளும் இருந்தன. தோளுக்கு மேலே வெள்ளையாக ஒரு கொப்புளம்.

படமெடுத்து மைசாவுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது, ஒரே சொல்: நன்றி.

மகளிடம் மதியச் சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம், கமிட்டிக்குத் திங்கள் காலை சொல்லலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டு குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வெளியே வந்தபோது மிரேயா கூடத்தின் நடுவே செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, சுவர நாசம் பண்ணிட்டாங்க. அவர் மூஞ்சியவே அழிச்சுட்டாங்க."

யாரோ சைக்கிளில் போனவன் பார்த்துப் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். ஒரியெட்டா வாயைத் திறந்தாள். மகள் அதற்குள் அவளைக் கட்டிக்கொண்டு விம்ம ஆரம்பித்துவிட்டாள். நடுங்குகிற பெண்ணைப் பிடித்துக்கொண்டு, நான்தான் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? இவள் அழுது முடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். அழுது முடித்த கையோடு மிரேயா மேலங்கியை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஸகாரியாஸைக் கூப்பிட்டும் சொல்லியிருக்கலாம். ஒரியெட்டா இரண்டையும் செய்யவில்லை. பின்னாளில் அவள் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தனக்குச் சாதகமாக எதையும் சேர்த்துக்கொண்டதில்லை. "பயம்தான், வேற ஒண்ணுமில்ல" என்பாள்.

மாலை ஐந்து மணிக்குத் தெருவில் அறுநூறு பேர். ஜனவரியில் வந்த கூட்டத்தைவிட அதிகம். எதிரிகள் யாரோ வந்து அழித்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. எந்தக் கூட்டத்தினர் என்று பெயர்கூடச் சொன்னார்கள். நேற்றுவரை பிஷாராவின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் அவன் சிரிக்கும் படத்தை அட்டையில் ஒட்டித் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மிரேயா ஒலிபெருக்கியில் அவன் முழுப்பெயரைச் சொல்ல, கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. அவளும் நண்பர்களும் காலையிலிருந்து அந்தப் பழைய படத்தை ஊர் உலகம் முழுக்க அனுப்பியிருந்தார்கள். மாத்ரிதில் பகிர்ந்தார்கள், புவெனோஸ் ஐரெஸில் பகிர்ந்தார்கள், ஹோண்டுராஸில் இருந்த பெத்லகேம்காரர்கள் தங்கள் ஊரிலும் அதே முகத்தை வரையப்போவதாக அறிவித்தார்கள். ஒரு சுவரில் இருந்ததை அழிக்கப்போய் ஆயிரம் சுவருக்கு அனுப்பியாயிற்று. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரியெட்டாவின் கையில் யாரோ ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் இடுக்கில் வெள்ளைச் சாயம் இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மைசாவின் செய்தி காத்திருந்தது. அங்கே அப்போது பொழுது விடியவே இல்லை, அவள் தூங்கவில்லை. "என்ன நடக்குது அங்க? என் போன் நிக்காம அடிக்குது. இங்க யாரோ பத்திரிகைக்காரங்க வீட்டு நம்பர் கேக்கறாங்க. மாமியார் ஜன்னல் எல்லாம் சாத்திட்டாங்க. ஒரியெட்டா, இத நிறுத்து. யார் காலப் புடிச்சாவது நிறுத்து."

திங்கள் காலை பத்து மணிக்கு எலிசெயோ சாரத்தோடு வந்தார். முன்பைவிடப் பெரிதாக, இந்தத் தடவை சுவரின் முழு உயரத்துக்கும் அந்த முகத்தை வரைந்து தருவதாகச் சொல்லியிருந்தார். தொலைக்காட்சிக்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள். ஸகாரியாஸ் கழுத்துத் துணியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். மிரேயா சாயக் குவளைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். நூறு பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். எலிசெயோ சாரத்தில் காலை வைத்தபோது ஒரியெட்டா போய் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறாதீங்க, தோன் எலிசெயோ. அத அழிச்சது நான்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சரியாகக் கேட்காமல் என்ன, என்ன என்றார்கள். ஒரியெட்டா திரும்பி நின்று உரக்கச் சொன்னாள். இந்தச் சுவர் என்னுடையது, அழித்தது நான், வேறு யாரும் வரவில்லை. நேற்று இதே இடத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும், துணிவு வரவில்லை. அவன் மனைவி கேட்டாள், அதனால் அழித்தேன். தயவுசெய்து அவன் படத்தை இனி அனுப்பாதீர்கள், அனுப்பியதை எடுத்துவிடுங்கள். இவ்வளவுதான் சொன்னாள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண், எவ்வளவுக்கு விலை போனாய் என்று கேட்டாள். ஒருவர் காறித் துப்பினார், அது அவள் காலணிக்கு அருகில் விழுந்தது. ஸகாரியாஸ் இரண்டு கைகளையும் தூக்கி அமைதி அமைதி என்றார், அவர் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொலைக்காட்சிக்காரன் ஒலிவாங்கியை நீட்டியபோது ஒரியெட்டா அதைக் கையால் மூடி, "இதப் போட்டீங்கன்னா அவன் பேரச் சொல்லாமப் போடுங்க" என்றாள். மிரேயா கையிலிருந்த குவளையைத் தரையில் வைத்துவிட்டுத் தெருமுனை திரும்பிப் போய்விட்டாள்.

எலிசெயோ மட்டும் சாரத்தின் முதல் படியில் உட்கார்ந்தார். அந்த அம்மா என்ன கேட்டாள் என்று கேட்டார். ஒரியெட்டா மைசாவின் செய்தியைப் போட்டுக் காட்டினாள். யார் காலைப் பிடித்தாவது நிறுத்து என்ற இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தினார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். இரண்டாவது தடவை கேட்டு முடித்ததும் எழுந்து தூரிகைகளைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

"என் தம்பியத்தான் வரைஞ்சிருக்கேன் போல" என்றார். அவளிடம் சொன்னாரா தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, "நீங்க செஞ்சது சரின்னு என் வாயால வராது, ஒரியெட்டா. ஆனா இனிமே நான் வரைய மாட்டேன்" என்றார். சாரத்தை அவரே கழற்றினார். அவள் உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

மிரேயா நான்கு நாள் தோழி வீட்டில் தங்கினாள். ஆனால் அன்று மாலையே தன் பக்கத்திலிருந்து பிஷாராவின் படங்களை எல்லாம் எடுத்துவிட்டு, மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராக எழுதிக் கேட்டுக்கொண்டாள். பாதிப்பேர் எடுத்தார்கள். மாத்ரித்காரர்கள் பதிலே போடவில்லை. ஹோண்டுராஸில் வரையப்போவதாகச் சொன்னவர்கள் ஒலிவ மரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. ஆறு மாதம் ஆறு மாதமாகவே நின்றது. சுவரால் வந்ததா, அழித்ததால் எழுந்த கூச்சலால் வந்ததா, இரண்டும் இல்லாமலே வந்திருக்குமா என்று வக்கீலுக்கே தெரியவில்லை. பத்ரொனாத்தோவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக. பார்த்தாயா, அழித்து என்ன கண்டாய் என்றார்கள் சிலர். அழித்த கையோடு சொல்லித் தொலைத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காதே என்றார்கள் வேறு சிலர். பின்னதுதான் ஒரியெட்டாவைத் தூங்கவிடாமல் அடித்தது. பழைய வாடிக்கையாளர்களில் ஏழெட்டுப் பேர் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். மிரேயா திரும்பி வந்தாள். ஒரு மாதம் இருவரும் உப்பை எடு, கதவைச் சாத்து என்ற அளவில்தான் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் சாப்பிடும்போது மிரேயா, "அன்னிக்கு உன்னக் கட்டிப் புடிச்சு அழுதேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். ஒரியெட்டா ஆமாம் என்றாள். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், போகிற வழியில் தாயின் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் முதல் வாரத்தில் பிஷாராவை விட்டார்கள். மூன்றாவது தாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. விட்ட ஐந்தாம் நாள் மைசா காணொளியில் அழைத்தாள். திரையில் அவளுக்குப் பக்கத்தில் யாரோ வயதானவர் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் ஒரியெட்டா முதலில் நினைத்தாள். பதினெட்டுக் கிலோ குறைந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. பேசும்போது வாயை அதிகம் திறக்கவில்லை. முன்வரிசைப் பல் ஒன்று இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மிரேயாவும் வந்து தாயின் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

வெகுநேரம் உடம்பைப் பற்றியே பேசினார்கள். சுவர்ப் பேச்சை எடுக்க ஒரியெட்டாவுக்குத் தெம்பு வரவில்லை. அவனே எடுத்தான். அவன் சொல்லச் சொல்ல மைசா மொழிபெயர்த்தாள், மொழிபெயர்க்க அவளுக்கு விருப்பமில்லை என்பது குரலில் தெரிந்தது.

"அவங்க அந்தப் படத்த மேஜையில போட்டப்ப இவர் ரொம்ப நேரம் அதையே பாத்தாராம். உள்ள கண்ணாடி கிடையாது. ஆறு மாசமா இவர் இவரோட முகத்தப் பாக்கலையாம். ரெண்டு நாள் கேள்வி கேட்டாங்கல்ல, அந்த ரெண்டு நாளும் படம் அங்கயே கிடந்துச்சாம். பின்னாடி இருந்த மரங்களக்கூட எண்ணினாராம்."

பிஷாரா மறுபடி ஏதோ சொன்னான். மைசா அவனிடம் அரபு மொழியில் கடிந்துகொண்டாள். அவன் விடவில்லை.

"அது நல்லா இருந்துச்சுன்னு சொல்றார்" என்றாள் மைசா. பிறகு மொழிபெயர்ப்பவளாக அல்லாமல் தன் குரலில், "ஆனா அந்தப் படத்தாலதான் என் வீட்டக் கவுத்தாங்க. அதையும் மறந்துடாத" என்றாள்.

"ரெண்டையும் மறக்க மாட்டேன்" என்றாள் ஒரியெட்டா.

மிரேயா பின்னாலிருந்து, அவர் மறுபடி தன் முகத்தை அங்கே வைக்க விரும்புகிறாரா என்று கேட்டாள். மைசா கேள்வியை அவனிடம் சொன்னாள். பிஷாரா தோளைக் குலுக்கி இரண்டு சொல் சொன்னான்.

"யோசிச்சுச் சொல்றாராம்" என்றாள் மைசா.

இப்போது மார்ச் மாதம் ஆகிவிட்டது. அவன் இன்னும் சொல்லவில்லை. பட்டறைக்குப் போகத் தொடங்கிவிட்டான், பகலில் பாதி நேரம்தான் நிற்க முடிகிறது என்று மைசா எழுதுகிறாள். சுவரில் மழை பட்ட இடங்களில் வெள்ளை உரிந்து அடியில் பழுப்பு தெரிகிறது. அதைக் கண்டால் ஒரியெட்டா ஏணியைப் போட்டு ஏறி, அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசிவிட்டு வருகிறாள். எப்போது முகம் வரும் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். முகத்துக்குச் சொந்தக்காரன் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, துணி எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்கிறாள்.